போர்ட் ஷெப்ஸ்டன் பழைய ரயில் படத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஆயாவின் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு கருப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. தாத்தா தோளில் துண்டோடு ஒரு நீராவி எஞ்சின் பக்கத்தில் நிற்கிறார். அவர் காலடியில் கரும்புக் கட்டு. படத்தின் ஓரத்தைச் செல் அரித்துவிட்டது. எண் பலகையில் கடைசி இலக்கமான 3 மட்டும்தான் தெரிகிறது.

தென்னாப்பிரிக்காவில் போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து ஹார்டிங் வரை 122 கிலோமீட்டர் போன, தண்டவாள இடைவெளி இரண்டடி மட்டுமே உள்ள குறுகிய ரயில் பாதை அது. 1986-ல் மூடினார்கள். அப்புறம் தனியார் எடுத்து நடத்தினார்கள். அதில் ஓடிய சுற்றுலா ரயிலான 'பனானா எக்ஸ்பிரஸ்' என்றால் இங்கே தெரியாதவர் உண்டா? சின்ன வயதில் அப்பாவோடு அதில் போனேன். ஜன்னலில் கை வைத்தால் கரி ஒட்டும், அம்மா திட்டுவாள்.

படத்தில் இருப்பது காரட் (Garratt) வகை எஞ்சின் என்று நினைக்கிறேன். முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி, நடுவில் கொதிகலன். அதனால்தான் இவ்வளவு நீள எஞ்சினும் மலை வளைவில் வளைந்து போகும். மான்செஸ்டரில் 1958-ல் செய்த 143-ஆம் எண் எஞ்சின் இந்தப் பாதையில் ஓடி, இப்போது வேல்ஸில் ஓடுகிறது. இது அதுதானா?

பின்னால் ஒரு தகரக் கூரை தெரிகிறது. அது எந்த நிலையம், இசோட்சாவா, பேடக்கா? அந்தப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் இருந்த குடும்பங்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் இந்த ரயில் இருந்தால் அதையும் போடுங்கள். ஆயாவுக்கு 91 வயது. பார்வை இருக்கும்போதே காட்ட வேண்டும்.