பேக்கப் முடிந்த பிறகு கணினி தானாக அணைய என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11. இரவில் நான் எழுந்து போன பிறகு டெம்ப் கோப்புகளைத் துடைத்து, வைரஸ் ஸ்கேன் ஓட்டி, ஆவணங்களை வெளி டிரைவுக்கு ரோபோகாப்பி (விண்டோஸோடு வரும், கோப்புகளை நகலெடுக்கும் கட்டளை) மூலம் பேக்கப் எடுத்துவிட்டு கணினி அணைய வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸ் வசதி) 11 மணிக்கு வேலைகள், 12 மணிக்கு ஷட்டவுன் என்று வைத்திருக்கிறேன். பெரிய வீடியோக்கள் சேர்ந்த நாளில் காப்பி பாதியில் நின்றுவிடுகிறது. 12 மணியை 2 மணி ஆக்கினால் சரியாகிவிடுமா?

பதில் 1:
ஆகாது. இன்றைக்கு 2 மணி போதும், கோப்புகள் பெருகினால் அதுவும் போதாது. ஷட்டவுனுக்கு இருக்கும் தனி டாஸ்க்கை முதலில் அழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பேட்ச் கோப்பில் (கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டும் உரைக் கோப்பு) வரிசையாக எழுதி, கடைசி வரியில் ஷட்டவுனை வையுங்கள். கமாண்ட் லைன் நிரல் ஓடி முடியும்வரை பேட்ச் அடுத்த வரிக்குப் போகாது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் குவிக் ஸ்கேனையும் கமாண்ட் லைனிலேயே ஓட்டலாம்.

ரோபோகாப்பியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால், நாம் எதுவும் சொல்லாதவரை அது 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். அவுட்லுக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் அதன் பிஎஸ்டி கோப்பு பூட்டியே கிடக்கும். ரோபோகாப்பி விடிய விடிய அங்கேயே நிற்கும். கட்டளையோடு சேர்க்கும் ஸ்விட்சுகளில், மறுமுயற்சி எண்ணிக்கைக்கான ஆர் ஸ்விட்சை 2, காத்திருக்கும் விநாடிக்கான டபிள்யூவை 5 என்று வையுங்கள்.

அடுத்தது எக்ஸிட் கோடு, அதாவது நிரல் முடியும்போது முடிவைச் சொல்லும் எண். மற்ற நிரல்களில் 0 தவிர எல்லாமே பிழை என்று பழகியிருப்போம். ரோபோகாப்பியில் 1 வந்தால் கோப்புகள் நல்லபடியாகக் காப்பி ஆயின என்று அர்த்தம். 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி. அதனால் ரோபோகாப்பி வரிக்கு அடுத்தே ‘இஃப் எரர்லெவல் 8’ எழுதுங்கள். அது 8-க்கு மேல் உள்ளதையும் சேர்த்தே பிடிக்கும். நடுவில் வேறு கட்டளை ஓடினால் அந்த எண் மாறிவிடலாம்.

தோல்வி என்றால் ஷட்டவுன் வரியைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். காலையில் கணினி ஓடிக்கொண்டிருந்தால் பேக்கப் ஆகவில்லை என்று பார்த்ததுமே தெரியும். லாக் கோப்பை யார் தினமும் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

பதில் 2:
அருமையான விளக்கம். ஒன்று சேர்க்கிறேன். வேறொரு பென் டிரைவைச் செருகியிருந்தால் வெளி டிரைவின் எழுத்து மாறிவிடலாம். டிரைவில் ஒரு அடையாளக் கோப்பை வைத்து, அது இருந்தால் மட்டும் காப்பி தொடங்கச் செய்யுங்கள். மிர் ஸ்விட்ச் போட்டிருந்தால் இது கட்டாயம்; மூலத்தில் இல்லாததையெல்லாம் அது சேருமிடத்தில் அழித்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மிர் போட்டுத்தான் வைத்திருந்தேன், இப்போது எதையும் அழிக்காமல் துணைக் கோப்புறைகளோடு காப்பி எடுக்கும் ஈ ஸ்விட்சுக்கு மாற்றிவிட்டேன். ஷட்டவுனுக்கு 60 விநாடி அவகாசம் கொடுத்தால் சேமிக்காத கோப்பு இருக்கும்போது நிற்குமா?

பதில் 1:
நிற்காது. அவகாசம் 0-க்கு மேல் இருந்தாலே, திறந்திருக்கும் நிரல்களைக் கட்டாயமாக மூடிவிடும். 300 விநாடி கொடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் அருகில் இருந்தால், ஷட்டவுன் கட்டளையை ஏ ஸ்விட்சோடு கொடுத்து ரத்து செய்யலாம்.