மார்ச் பிரேக்குக்கு டொமினிக்கா: 16, 13 வயதுப் பிள்ளைகளோடு போன ஆக்கள் இருக்கிறீங்களா?

மல்லிகை_மார்க்கம் எழுதியது:

வணக்கம். இந்த மார்ச் பிரேக் பள்ளி விடுமுறைக்குக் குடும்பமா கரீபியன் பக்கம் போக யோசிக்கிறம். மகனுக்கு 16, மகளுக்கு 13. இதுவரைக்கும் கியூபா, புண்டா கானா எண்டு சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்ந்த ஹொட்டேல்களுக்குத்தான் போனது. எங்களுக்கு அது நல்ல ஓய்வு. பிள்ளையள் ரெண்டாம் நாளிலேயே போனும் கையுமா அறைக்குள்ள இருந்திடுவினம்.

இந்த முறை மகன் தானே தேடிப்பாத்து டொமினிக்கா எண்டு சொல்லுறான். டொமினிக்கன் ரிப்பப்ளிக் இல்லை, குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில இருக்கிற தனி நாடு. அங்க கொதிக்கிற ஏரி ஒண்டு இருக்காம், மலையேறிப் போய்ப் பாக்கவேணுமாம். அவன் வாய் திறந்து "இங்க போவம்" எண்டு கேட்டு எவ்வளவோ காலம். மறுக்க மனம் வரேல்லை.

ஆனா மகள் நல்லா நீந்துவாள், நடையெண்டால் முகம் சுருங்கும். இவருக்கு முழங்கால் நோ, ஏற்றம் ஏலாது. நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சு திரியிறதுக்கு அவ்வளவு காசு செலவழிச்சுப் போகவேணுமா எண்டதுதான் என்ர யோசனை. நான் வெள்ளிக்கிழமையில மரக்கறி, அதையும் பாக்கவேணும். போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

சுதன்77 எழுதியது:

வெள்ளை மணலில படுத்திருக்கிற ஆசை இருந்தா அன்டிகுவாவைப் பாருங்கோ. டொமினிக்கா எரிமலைத் தீவு. கரை அனேகமா கறுப்பு மணல், இல்லாட்டிக் கல்லு. மயாமியில விமானம் மாறிப் போகலாம். விமான நிலையம் வடகிழக்கில, தலைநகர் ரோசோ தென்மேற்கில, இடையில முழுக்க வளைவு. வாகனத்தில சத்தி எடுக்கிற பிள்ளையெண்டால் மருந்து குடுத்து ஏத்துங்கோ. கார் வாடகைக்கு எடுத்தா ஊரில மாதிரி இடது பக்க ஓட்டம்.

வழித்துணை_கண்ணன் எழுதியது:

தங்கச்சி, மகன் கேட்ட இடத்துக்கே போங்கோ. எங்கட மகனுக்கு 17, மகளுக்கு 14 ஆக இருக்கேக்க நாங்கள் போன இடம்.

ஏரிக்குப் போற பாதை லோடா கிராமத்துக்குக் கிட்ட, டீட்டூ கோர்ஜ் எண்ட இடத்தில தொடங்குது. போய்வர 13 கிலோமீற்றர் அளவு. ஏறி இறங்கி, திரும்பவும் ஏறுற பாதை எண்டபடியா ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும். முதல்ல மழைக்காடு. பிறகு பிரேக்ஃபாஸ்ட் ரிவர் எண்ட ஆறு. தண்ணிப் போத்தலை அங்க நிரப்பவேணும், அதுக்கு அங்கால எடுக்க ஏலாது. பிறகு மோர்ன் நிக்கல்ஸ் எண்ட மலை, 3,000 அடிக்கு மேல. முகில் விலகினா ஏரியின்ர ஆவி தூரத்தில எழும்புறது அங்க நிண்டே தெரியும். அதைக் கண்ட உடனே பிள்ளையளின்ர நடை மாறும், பாருங்கோ.

மலையால இறங்கினா வேலி ஒஃப் டெசொலேசன். மரமே இல்லாத பள்ளத்தாக்கு, மஞ்சளும் சாம்பலும் கறுப்புமா ஓடைகள், சிலதில கொதிதண்ணி ஓடும். கந்தகம் மணக்கும். வெள்ளிச் சங்கிலி போட்டிருந்தா கறுத்திடும், கழட்டி வைச்சிட்டுப் போங்கோ. எங்கட வழிகாட்டி அங்க ஒரு ஊற்றில முட்டை அவிச்சுத் தந்தார்.

ஏரி 60 மீற்றர் அளவு அகலம். கரையில அளந்த வெப்பமே 82இல இருந்து 92 பாகை செல்சியஸ், நடுவில உலை கொதிக்கிற மாதிரிக் குமுறிக்கொண்டே நிக்கும். எரிமலை வாயு வெளியேறுற துவாரத்துக்கு மேல மழைத்தண்ணியும் ஓடைத்தண்ணியும் தேங்கினது அது. 2004 கடைசியில வத்திப்போய், அடுத்த வருசம் திரும்ப நிரம்பினது. போன உடனே வெள்ளை ஆவியைத் தவிர ஒண்டும் தெரியாமல் இருக்கலாம். காத்து வரும்வரைக்கும் இருங்கோ, அவசரப்பட்டுத் திரும்பாதேங்கோ.

வழிகாட்டி இல்லாமல் அந்தப் பாதையில போகவேண்டாம். பள்ளத்தாக்கில சில இடத்தில நிலம் மெல்லிசு, கீழ கொதிக்குது. அதை விட எனக்குப் பெரிசாப் பட்ட காரணம் வேற. அந்த வயதில அப்பா சொல்லுற "கவனம்" காதில ஏறாது. அந்த மலையடியில பிறந்து வளந்த ஒருத்தர் திரும்பிப் பாத்து "நான் கால் வைச்ச இடத்தில வை" எண்டு சொன்னால் உடன ஏறுது. முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்த மகனை அவர் கூப்பிட்டு, நீதான் கடைசி ஆள், ஒருத்தரும் பின்தங்காமல் பாக்கிறது உன்ர வேலை எண்டார். அதுக்குப் பிறகு மகன் ஒவ்வொரு வளைவிலயும் தங்கச்சிக்காக நிண்டான். நான் எத்தினை தரம் சொல்லியும் நடக்காத விசயம்.

இப்ப உங்கட கேள்வி. பிரிஞ்சு திரியத் தேவையில்லை, அதுக்குத்தான் அந்த இடம் வாய்ப்பு. பாதை தொடங்குற டீட்டூ கோர்ஜ் தானே நீந்துற இடம். ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில ஒடுங்கின ஆறு, மேல ஒரு கீற்று வானம். சரியான குளிர் தண்ணி. உள்ளுக்கு நீந்திப் போனால் முடிவில அருவி கொட்டும். நீங்களும் மகனும் வழிகாட்டியோட விடியவெள்ளன வெளிக்கிட்டா, உங்கட அவரும் மகளும் பின்னேரம் அங்க வந்து நீந்திக்கொண்டு நிக்கலாம். மலையால வாற ஆக்களும் சேறும் வேர்வையுமா அதே தண்ணியிலதான் இறங்குறவை. ரெண்டு விசயம் கவனம்: மேல மழை பெய்தால் உள்ளுக்குப் போகக்கூடாது, தண்ணி திடீரெண்டு ஏறும். உல்லாசக் கப்பல் ரோசோவில நிக்கிற நாளில சனம் நெரியும், கப்பல் வராத நாளைத் தெரிஞ்செடுங்கோ.

மகளுக்கு இன்னொண்டு ஷம்பேன் ரீஃப். ரோசோவுக்குத் தெற்கால, கரையில இருந்தே இறங்கலாம். கடலடியில எரிமலை வாயு குமிழ் குமிழா எழும்பி உடம்பில படும். எங்கட மகள் தண்ணியை விட்டு வரமாட்டன் எண்டு நிண்டாள். உங்கட அவருக்கு இந்தியன் ரிவர் எண்ட ஆறு, போர்ட்ஸ்மவுத் ஊரில. இயந்திரம் இல்லாத வள்ளத்தில துடுப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவினம், கரையெல்லாம் மரவேர் தண்ணிக்குள்ள பின்னிக்கிடக்கும். முழங்காலுக்கு வொட்டன் வேவன் எண்ட ஊரில சுடுதண்ணித் தொட்டி. ஏரிக்கு அடுத்த நாள் உங்கட கால்களுக்கும் அதுதான்.

கலினாகோ மக்களின்ர பிரதேசத்தை விட்டிடாதேங்கோ. ஐரோப்பியர் வர முன்னம் இருந்த சனம். 1903இல 3,700 ஏக்கர் அளவு அவைக்கெண்டு ஒதுக்கினது, இப்ப 3,000 பேர் அளவில கிழக்குக் கரையில இருக்கினம். லாரூமா எண்ட நாணல்ல கூடை பின்னுறதைப் பக்கத்தில இருந்து பழகலாம், மரவள்ளி ரொட்டி சுட்டுத் தருவினம்.

ஒண்டு சொல்லாமல் ஏலாது. 2017 செப்ரெம்பர் 18 இரவு மரியா சூறாவளி அந்தத் தீவை அடிச்சுப்போட்டது. கூரைகள் போய், மலைக்காடு முழுக்க இலையில்லாமல் நிண்டதாம். வழிகாட்டி நடந்து நடந்து அந்த இரவைச் சொன்னார். அண்டைக்கு இரவு சாப்பிடேக்க மகள் என்னட்டை, நீங்கள் 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில வீட்டை விட்டு வெளிக்கிட்ட இரவு எப்பிடி எண்டு கேட்டாள். வீட்டில எத்தினை தரம் சொல்லத் தொடங்கியும் கேக்காத பிள்ளை. கனநேரம் கதைச்சம்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. ஈரப்பலாக்காய், வாழைக்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் அவையின்ர அன்றாடச் சாப்பாடு. ராஸ்தா எண்ட ராஸ்தபாரி மதத்து ஆக்களின்ர கடையில இறைச்சி, மீன் தொடாத சமையல்.

பாரிஸ்_யாழினி எழுதியது:

நாங்கள் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில இருந்து பிரான்சின்ர குவாதலூப் தீவுக்குப் போய், அங்க இருந்து கப்பலில ரோசோ போனனாங்கள். ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம். தீவுகளுக்கு இடையில இருக்கிற கடலில அலை கூட, பிள்ளையளைக் கப்பலின்ர பின்பக்கத்தில இருத்துங்கோ. ரெண்டு தீவையும் சேர்க்க நேரம் இருந்தா குவாதலூப்பில கப்பெஸ்டேர்-பெல்-ஓ ஊருக்குப் போங்கோ. 1854 தொடக்கம் புதுச்சேரி, காரைக்கால், சென்னைப் பக்கத்தில இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன சனத்தின்ர பிள்ளையள் கும்பிடுற ஷாஞ்சி எண்ட இந்துக் கோயில் அங்க இருக்கு. அந்த ஊரில பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சத்தவைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேணும் எண்டு 1904இல இருந்து 1923 வரைக்கும் வழக்காடினவர். அதே ஊருக்கு மேல கார்பே அருவி, ரெண்டாவது அருவியைப் பாக்கிறதுக்குப் பெரிய நடை இல்லை, உங்கட அவருக்கும் ஏலும்.

மல்லிகை_மார்க்கம் எழுதியது:

கண்ணன் அண்ணா, யாழினி, நன்றி. மகனுக்கும் மகளுக்கும் வாசிச்சுக் காட்டினன். மகள் இப்ப "நானும் ஏரிக்கு வரலாம்தானே" எண்டு கேக்கிறாள்! அவளை நடுவழியில திருப்பிக் கூட்டிவர ஏலுமா? என்ன சப்பாத்து வாங்க?

வழித்துணை_கண்ணன் எழுதியது:

ஏலும். முன்கூட்டியே வழிகாட்டியிட்டச் சொல்லி ரெண்டு பேராப் பிடியுங்கோ, ஒருத்தர் அவளோட திரும்பலாம். பிரேக்ஃபாஸ்ட் ரிவரில நிண்டு அவளையே தீர்மானிக்கச் சொல்லுங்கோ, வற்புறுத்தவேண்டாம். அதுக்கு அங்கால போனா மலையைக் கடந்து இறங்கின பிறகு திரும்பவும் ஏறவேணும்.

சப்பாத்து, அடியில நல்ல பிடிப்பு இருக்கிற, கணுக்காலை மூடுறது. புதுசா வாங்கினால் இப்பவே போட்டு உங்கட ஊர்ப்பக்கத்து ரூஜ் பார்க் பக்கம் நடக்கப் பண்ணுங்கோ, அங்க போய் முதல்தரம் போட்டால் கொப்பளம் தான். மார்ச் அங்க மழை குறைஞ்ச காலம், எண்டாலும் மலையில எந்த நாளும் தூறும், பாதை வழுக்கும். ஆளுக்கொரு மழைச்சட்டை, மாத்து உடுப்பு, ரெண்டு லீற்றர் தண்ணி. உடுப்பை டீட்டூவில நிக்கிற அவரிட்டயே குடுத்து விடுங்கோ.