லூவேனா, லூவனா? எங்கே இறங்குவது?

புதுமுகம்: நாளைக் காலை பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் ஏர்போர்ட்டில் இறங்குகிறேன். அட்மிஷன் கடிதம் முழுக்க லூவேன், லூவேன் என்றே இருக்கிறது. ரயில் ஆப்பில் தேடினால் லூவன் என்று ஒன்று, லூவேன்-லா-நூவ் என்று இன்னொன்று. ரூமுக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கட்டும்? யாராவது சொல்லுங்களேன்.

மழைக்கோட்டு: டிக்கெட் கிடக்கட்டும் தம்பி, ரெயின்கோட் எடுத்து வைத்தீர்களா? நான் வந்த முதல் நவம்பர் முழுக்க ஈர ஷூவோடுதான் வகுப்புக்குப் போனேன். இந்தக் காற்றுக்குக் குடையெல்லாம் நிற்காது. அப்புறம், லூவனைத்தான் பிரெஞ்சில் லூவேன் என்பார்கள். ஒரே ஊர். ஏர்போர்ட்டிலிருந்து நேர் ரயில், கால் மணி நேரம்.

பழைய மாணவன்: தப்பாக அனுப்பிவிடாதீர்கள். 1968-இல் மொழிச் சண்டை முற்றி, பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. டச்சுப் பிரிவு லூவனிலேயே இருந்துகொண்டது. பிரெஞ்சுப் பிரிவு வெட்டவெளியில் லூவேன்-லா-நூவ் என்று புது ஊரே கட்டிக்கொண்டு போனது, பழைய பெயரை மட்டும் விடவில்லை. கடிதத்தில் லூவேன் என்றால் லா-நூவ்தான்.

ஆன்ட்வெர்ப் அண்ணன்: இந்த நாட்டுப் பெயர்ப்பலகையை நம்பி வெளிக்கிடாதேங்கோ. பிரான்சில இருக்கிற லீலில் ஒரு கல்யாண வீடு. வழி முழுக்க டச்சில் 'ரைசல்' என்றுதான் கிடக்கு. அதுதான் லீல் என்று ஆருக்குத் தெரியும்? தாலி கட்டி முடிஞ்சு, சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தம். மோன்ஸ் எண்ட ஊரையும் இவங்கள் டச்சில் 'பெர்கன்' என்று எழுதுறாங்கள்.

மழைக்கோட்டு: ரயிலிலும் இதே கூத்துதான் அண்ணா. பிரஸ்ஸல்ஸில் இரண்டு மொழியில் அறிவிப்பார்கள், மொழி எல்லை தாண்டியதும் ஒன்று காணாமல் போய்விடும்.

மெட்ரோவாசி: என்ன படிப்பு, முகவரியில் அஞ்சல் எண் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! 3000 என்றால் லூவன், 1348 என்றால் லா-நூவ். அந்தப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவோ இரண்டிலும் இல்லை, பிரஸ்ஸல்ஸிலேயே இருக்கிறது.

புதுமுகம்: பொதுச் சுகாதாரம். ரூம் முகவரியில் 1200 என்று இருக்கிறது. நான் தம்பி இல்லை, பெண்.

மெட்ரோவாசி: சரி தங்கச்சி, அப்படியானால் நீ பிரஸ்ஸல்ஸைத் தாண்டவே வேண்டாம். சென்ட்ரல் வரை ரயில், அங்கே ஸ்டாக்கெல் போகும் 1-ஆம் எண் மெட்ரோ, ஆல்மாவில் இறங்கு. வீட்டுக்காரருக்கு இப்போதே மெயில் போட்டு, சாவி யாரிடம் என்று கேள். சாவி கைக்கு வராமல் மீதிப் பணம் அனுப்பாதே. கம்யூனில், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தில், பதிந்ததும் நீ அங்கேதான் இருக்கிறாயா என்று போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். தபால் பெட்டியில் உன் பெயரை முதல் நாளே ஒட்டிவிடு.