ஜிம் போய் கையை நீட்ட முடியல, அவசரம்

ஒல்லிப்பிச்சான் | திங்கள், காலை 6:10
சனிக்கிழமை காலையிலதான் ஜிம்ல சேர்ந்தேன், வாழ்க்கையிலேயே முதல் தடவை. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஒண்ணும் தெரியல. நேத்துலேருந்து ரெண்டு கையும் முழங்கையில மடங்கியே நிக்குது. அம்மாதான் சட்டை மாட்டி விட்டாங்க. பல்லு தேய்க்க பிரஷ்ஷை அப்படியே பிடிச்சுக்கிட்டு தலையை ஆட்டறேன். 8 மணிக்கு வண்டி எடுத்துட்டு ஆபீஸ் போகணும். சீக்கிரம் சரியாக என்ன பண்ணலாம்?

முட்டைதோசை | 6:22
என்ன எக்சர்சைஸ், எத்தனை செட் (சுத்து), எவ்ளோ வெயிட்? வயசு? எதுவுமே சொல்லாம கேட்டா எப்படி ப்ரோ.

பழையசோறு | 6:25
லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கும். எலுமிச்சை ஜூஸ்ல கல்லுப்பு போட்டுக் குடிச்சிட்டு சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. மதியத்துக்குள்ள கை தானா நீளும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

இரும்புப்பிரியன் | 6:41
வாரம் நாலு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. பழையசோறு அவர்களே, லாக்டிக் அமிலம் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் கரைந்து போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வலிக்கு அதன் மேல் பழி போடாதீர்கள். இது தாமதத் தசைவலி. பாரத்தைத் தூக்கும்போதைவிட மெதுவாக இறக்கும்போதுதான் தசை அதிகம் அடிபடும். 24லிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே வடியும். 11 வருடமாக இரும்பு தூக்குகிறேன். பேசாமல் ஆபீஸ் போங்கள்.

கர்லாக்கட்டை | 6:58
தண்டாலும் பஸ்கியும் போட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த வலியெல்லாம் வந்ததே இல்ல. ஏசி ரூம்ல கண்ணாடி பார்த்துக்கிட்டு கம்பி தூக்கினா இப்படித்தான் ஆகும்.

முட்டைதோசை | 7:03
முதல் நாள் 100 பஸ்கி போட்டுட்டு மறுநாள் படி இறங்கிப் பாருங்கண்ணே, வலி வருதா இல்லையான்னு தெரியும்.

லேப்அக்கா | 7:15
தம்பி, மூணு கேள்வி. கை வீங்கி இறுக்கமா இருக்கா? வலிக்கு மாத்திரை ஏதாவது போட்டியா? யூரின் என்ன கலர்ல போகுது?

இரும்புப்பிரியன் | 7:20
கை வலிக்கு வந்தவரிடம் சிறுநீர் விசாரணையா!

பழையசோறு | 7:34
புரோட்டீன் பவுடர் குடிச்சீங்களா? அதுதான் கிட்னியை அடிக்கும். கொண்டைக்கடலை சுண்டல் போதும்.

முட்டைதோசை | 7:40
கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அளவோட எடுத்தா ஒண்ணும் ஆகாது. பாலைத் திரிச்சா வர்ற மோர்த்தண்ணியைக் காயவெச்ச தூள்தானே அது. ஒரு முட்டையில 6 கிராம் புரோட்டீன், சோயா உருண்டையில 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல இருக்கு. எது கட்டுப்படியாகுதோ அதைச் சாப்பிடட்டும்.

பழையசோறு | 7:44
சோயா சாப்பிட்டா ஆம்பளைங்களுக்கு ஆகாது.

முட்டைதோசை | 7:45
ஆரம்பிச்சிட்டீங்களா. அது வெறும் புரளி.

கர்லாக்கட்டை | 7:52
கொள்ளு ஊறவெச்சு சாப்பிடுங்க. குதிரை எந்த டப்பாவை வாங்கிக் குடிச்சுது?

முட்டைதோசை | 7:53
குதிரை ஆபீசுக்கும் போகலண்ணே.

ஒல்லிப்பிச்சான் | 9:48
வண்டி ஓட்ட முடியல, லீவு போட்டுட்டேன். வயசு 26. எக்சர்சைஸ் பேரு தெரியல, கம்பியைப் பிடிச்சு நெஞ்சு வரைக்கும் மடக்கறது. டிரெய்னர் பந்தயம் மாதிரி வெச்சு 100 எண்ண வெச்சாரு. அப்புறம் மேல இருக்கிற கம்பியில என்னைத் தூக்கி விட்டு, மெதுவா இறங்கச் சொன்னாரு. அது ஒரு முப்பது நாப்பது தடவை இருக்கும். பக்கத்துல எல்லாரும் கைதட்டினாங்க, நிறுத்த வெக்கமா இருந்துச்சு. கை புட்டு மாதிரி வீங்கியிருக்கு. டைக்ளோஃபினாக் ரெண்டு போட்டேன். யூரின் டீ டிகாஷன் கலர்ல போகுது, தண்ணி கம்மியா குடிச்சதுன்னு விட்டுட்டேன். கைக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?

லேப்அக்கா | 9:51
இன்னொரு மாத்திரை போடாத. உடனே ஆஸ்பத்திரி போ. சாயங்காலம் பார்த்துக்கலாம்னு இருக்காத, இப்பவே கிளம்பு. எமர்ஜென்சியில இந்த கலர் விஷயத்தைத்தான் முதல்ல சொல்லணும். யாராவது கூட வரட்டும்.

லேப்அக்கா | 10:06
மத்தவங்களுக்காக எழுதறேன். தசை அளவுக்கு மீறிச் சிதைஞ்சா அதுக்குள்ள இருக்கிற மயோகுளோபின்ங்கிற புரோட்டீன் ரத்தத்துல கலந்து கிட்னி வழியா வெளியேறும். டிகாஷன் கலர் அதனாலதான். கிட்னி அடைபட்டு நின்னுபோகலாம், பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். அந்த மாதிரி வலி மாத்திரை கிட்னிக்கு வர்ற ரத்தத்தையும் குறைச்சிடும். லேப்ல எங்களுக்கு இது ஒரு விசித்திரம்: யூரின்ல டெஸ்ட் குச்சியை நனைச்சா 'ரத்தம் இருக்கு'ன்னு காட்டும், மைக்ராஸ்கோப்ல பார்த்தா சிவப்பணுவே இருக்காது. தசை இப்படிச் சிதையறதுக்கு ராப்டோமயோலிசிஸ்னு பேரு. 1941ல லண்டன் குண்டுவீச்சில இடிபாட்டுக்குள்ள சிக்கி கை கால் நசுங்கினவங்கள்ல சிலர், வெளிய எடுத்த பிறகு கிட்னி போய் இறந்தாங்க. அவங்களைப் பத்தி டாக்டருங்க எழுதின பிறகுதான் இது பரவலா தெரிஞ்சுது. கட்டடம் விழுந்தா வர்றதை நாம காசு கட்டி வரவழைக்கிறோம்.

இரும்புப்பிரியன் | 10:30
இந்த விவரங்களை முதலிலேயே தந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

முட்டைதோசை | 10:32
"பேசாமல் ஆபீஸ் போங்கள்."

இரும்புப்பிரியன் | 10:37
அது பொதுவான அறிவுரை.

முட்டைதோசை | 10:50
புதுசா சேர்றவங்க யாராவது படிச்சா: வாரத்துக்கு மூணு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் ரெண்டு வாரம் ஒவ்வொண்ணும் ஒரு செட், மிஞ்சினா ரெண்டு. இன்னும் மூணு தடவை தூக்க முடியும்னு தோணும்போதே கீழ வெச்சிடுங்க. நீளமான வெறும் கம்பியே 20 கிலோ இருக்கும், அதுல தொடங்கணும்னு சட்டம் இல்ல. முதல் தடவை வலிச்ச அதே பயிற்சி அடுத்த தடவை பாதிகூட வலிக்காது, தசை பழகிக்கும். டிரெய்னர் கைதட்டினா நீங்களும் கைதட்டிட்டு தண்ணி குடிக்கப் போங்க.

கர்லாக்கட்டை | 11:15
கர்லாக்கட்டையும் சின்னதுலேருந்துதான் ஆரம்பிப்பாங்க. வாத்தியார் எடுத்த எடுப்புல பெரிய கட்டையைக் கையில குடுக்க மாட்டார். நான் சொன்னதும் அதுதான்.

முட்டைதோசை | 11:17
நீங்க சொன்னது குதிரைண்ணே.

லேப்அக்கா | செவ்வாய், இரவு 9:20
தம்பி என்னாச்சு? ஒரு வரி போடு.

ஒல்லிப்பிச்சான் | புதன், மதியம் 2:05
அம்மா டைப் பண்றாங்க. அட்மிட் ஆயிட்டேன். சிபிகே (தசை சிதைஞ்சா ரத்தத்துல ஏறுறதாம்) 38,000, நார்மல் 200க்குள்ள இருக்கணுமாம். ரெண்டு நாளா டிரிப்ஸ் ஓடுது. கிட்னி நிலையைக் காட்டுற கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி இப்ப இறங்குது, டயாலிசிஸ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கை பாதி நீளுது. லேப்அக்காவுக்கு நன்றி. ஜிம்ல மூணு மாச பணம் கட்டிட்டேன், திரும்பக் கேட்டா தருவாங்களா?

பழையசோறு | 2:11
டிரிப்ஸ்ல உப்புத்தண்ணிதானே ஏத்தறாங்க? நான் அன்னிக்கே கல்லுப்பு சொன்னேன்.