நாவலில் பேச்சு: கதை சொல்லவா, கதையை மறைக்கவா?

கல்லடியான்:
புதிதாக எழுதுகிற ஒருவரின் நாவல் கைப்பிரதி வாசிக்கக் கிடைத்தது. இரண்டாம் பக்கத்திலேயே தாய் மகனிடம், "2004 டிசம்பர் 26ஆம் திகதி உன் அப்பாவைக் கடல் கொண்டு போகக்குள்ள உனக்கு மூணு வயசு" என்கிறாள். அவனுக்கு இது தெரியாதா? வாசகனுக்குச் சொல்ல வேண்டியதைப் பாத்திரத்தின் வாயில் திணித்தால் அது ஒலிபெருக்கி அறிவித்தல். நல்ல உரையாடல் எதையாவது மறைக்கும்.

மருதமுனை வாசகன்:
அண்ணன், நம்ம ஊர்க் கிழவிகள் பேசிக் கேட்டதில்லையா? தெரிந்த கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள். என் உம்மம்மா, மாமாட கலியாணத்தில் ஆணத்துக்கு (குழம்புக்கு) உப்புக் கூடின கதையை மாமாவுக்கே சொல்லுவா.

கல்லடியான்:
சொல்லுவா, சரி. ஏன் சொல்லுவா? பக்கத்தில் இருக்கிற மாமிக்குக் குத்தத்தானே! அந்தக் குத்தல்தான் உரையாடல், உப்பு இல்லை. கைப்பிரதித் தாய்க்கு அப்படி ஒரு தேவையும் கிடையாது. நானென்றால், மகன் கூட்டாளிகளோடு கிளம்பும்போது, "கடலுக்கா போறாய்? சோறு போட்டிட்டன், தின்னுட்டுப் போ மனே" என்று மட்டும் சொல்ல வைப்பேன். அவன் எழும்ப எழும்ப இன்னொரு அகப்பை சோறு விழும். தகப்பன் கதை பிறகு வரட்டும்.

படுவான்கரையாள்:
நாவலுக்குக் கதைசொல்லி என்று ஒருவர் இருக்கிறார், மறந்துவிட்டீர்களா? தகவலை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். என் ஆத்திரம் வேறு. அறுபதுகளில் நம் இலங்கை மரபுப் பண்டிதர்கள் கதையில் பேச்சுத்தமிழைக் கண்டு 'இழிசனர் வழக்கு' என்றார்கள். சண்டை பிடித்து வென்றோம். இப்போது என்ன நடக்கிறது? வரிக்கு ஒரு 'மனே', 'மறுகா' (பிறகு) தூவினால் மட்டக்களப்பு நாவலாம். வாத்தியாரும் தோணிக்காரரும் கடை முதலாளியும் ஒரே குரலில் பேசுகிறார்கள். போதாக்குறைக்கு, "என்றாள் ஆத்திரத்துடன்", "என்றான் வேதனையுடன்". பேச்சிலேயே ஆத்திரம் இருந்தால் இந்த வால் எதற்கு?

மருதமுனை வாசகன்:
வால் விஷயத்தில் அக்காவோடு நிற்கிறேன். ஆனால் எல்லோரும் மறைத்து மறைத்துப் பேசினால் நாவல் விடுகதையாகிவிடும். மீன் சந்தையில் வாய்ச்சண்டை பிடிக்கிறவர்கள் எதை மறைக்கிறார்கள்? அந்தத் தாயின் வரியும் நிற்கும், அண்ணன். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் மகன், "அப்பாட முகமே எனக்கு ஞாபகமில்ல" என்று சொல்லிச் சிரிக்கட்டும். அவள் அதே வரியைக் கத்தட்டும்.

கல்லடியான்:
அப்படியென்றால் நிற்கும். ஆனால் வருஷத்தையும் திகதியையும் வெட்டிப் போடுங்கள். கத்துகிறவள் கலண்டர் பார்க்கமாட்டாள்.