புதுப்பிப்பு: சூளகிரி மாந்தோப்பு நிலமெடுப்பு, விசாரணைக்குப் பிறகு

சூளகிரி வட்டத்தில் அப்பாவின் பெயரில் உள்ள இரண்டு ஏக்கர் மாந்தோப்பைத் தொழிற்பேட்டைக்காக எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்ததையும், அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) அந்நிலம் தரிசு என்று பதிவாகியிருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். அந்த இழையில் நான் சொன்ன ஒன்று தவறு. இழப்பீடு கைக்கு வரும்வரை நிலம் நம்முடையதே என்று எழுதியிருந்தேன். தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, நிலத்தை எடுப்பதாகச் சொல்லும் பிரிவு 3(1) அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலேயே நிலம் அரசைச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அதற்கு முன்பு, நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டு வரும் பிரிவு 3(2) நோட்டீசுக்கு எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்வதுதான் முக்கியம். நோட்டீஸை வாங்க மறுத்த உறவினர்களுக்கும் இதையே சொல்லி வருகிறேன்.

எங்கள் ஆட்சேபணை மீதான விசாரணையில் மரங்களின் படங்களையும் மண்டிச் சீட்டுகளையும் கொடுத்தோம். மறுவாரம் கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் தோப்புக்கு வந்து, ஒவ்வொரு மரத்தின் அடிச்சுற்றையும் நாடாவால் அளந்து, பட்டையில் சுண்ணாம்பால் எண் எழுதினார்கள். தாத்தா வைத்த தோத்தாபுரி மரத்துக்கு 17 என்ற எண் விழுந்தபோது அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தரிசு என்ற பதிவு இப்போது திருத்தப்பட்டுள்ளது. ஆட்சேபணையின் மீது முடிவு இன்னும் வரவில்லை.

இச்சட்டம் செல்லாது என்று சிலர் கூறியிருந்தீர்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு இதற்கு மீண்டும் உயிர் கொடுக்க மாநில அரசு இயற்றிய மீட்புச் சட்டத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே உயர் நீதிமன்றத் தீர்ப்பை நம்பி ஆட்சேபணைக்கான காலக்கெடுவைத் தவறவிட வேண்டாம்.