எஸ்பிளனேடில் கேட்ட ஓராண்டு இசை: உங்கள் காதைத் திருத்திய நிகழ்ச்சி எது?

பிடோக் வீணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்கம் 2002 அக்டோபர் 12இல் திறக்கப்பட்டபோது நான் தொடக்கப்பள்ளி மாணவி. டுரியான் முள்ளைப் போன்ற அதன் கூரையை வெளியே நின்று பார்த்ததோடு சரி. வளர்ந்த பிறகும் நவம்பர் மாதத்து இந்தியக் கலைவிழாவான கலா உத்சவத்துக்கு மட்டுமே சென்று, தெரிந்த ராகங்களைத் தெரிந்த கலைஞர்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு அந்த வழக்கத்தை மாற்ற முடிவு செய்தேன். மாதம் ஒரு முறையாவது அங்கே சென்று, எனக்குப் பழக்கமில்லாத இசை ஒன்றை முழுமையாக உட்கார்ந்து கேட்பது என்று தீர்மானித்தேன். சீனப் புத்தாண்டையொட்டி வரும் ஹுவாயி கலைவிழாவில் தொடங்கி, ஏப்ரலில் பல சமயங்களின் பக்தி இசையைக் கேட்டு, இடையிடையே சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழுவின் மாலைகளிலும் உட்கார்ந்து, மீண்டும் கலா உத்சவத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அவற்றுள் இரண்டை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, 245 இருக்கைகள் மட்டுமே உள்ள சிற்றரங்கில் கேட்ட குச்செங் வாசிப்பு. குச்செங் என்பது 21 தந்திகள் கொண்ட சீன இசைக்கருவி. ஒவ்வொரு தந்திக்கும் கீழே நகர்த்தக்கூடிய ஒரு குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் சிறு கட்டை, உண்டு. வலக்கை குதிரையின் ஒரு பக்கத்தில் மீட்ட, இடக்கை மறுபக்கத்தில் தந்தியை அழுத்தி, ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தை வளைக்கிறது. நான் மூன்றாவது வரிசையில் இருந்ததால் அந்த இடக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகளாக வீணையில் நான் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கும் கமகத்துக்கு உறவான ஒன்று என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. கருவியின் மரபான ஐந்து சுர அமைப்பு நம் மோகன ராகத்தின் சுரங்களையே கொண்டிருந்ததால், முதல் பத்து நிமிடங்கள் நான் மோகனம் கேட்பதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் மோகனத்தில் காந்தாரம் என்ற சுரத்தை எப்படிப் பிடிக்க வேண்டும், தைவதத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்த எதுவும் அங்கே வரவில்லை. சுரங்கள் ஒன்றாக இருந்தாலும் நடை வேறாக இருந்தது. ராகம் என்பது சுரவரிசை மட்டும் இல்லை என்று என் ஆசிரியை நூறு முறை சொல்லியிருக்கிறார். அதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது, நீரோரத் திறந்தவெளி அரங்கில் இலவசமாகக் கேட்ட பாலித் தீவின் கமலான். வெண்கலத் தகடுகளைச் சுத்தியல்களால் தட்டி ஒலிக்கும் அந்த இசையைக் கேட்டபோது எனக்கு முதலில் எரிச்சலே வந்தது. ஒரே சுரத்தை வாசிக்கும் இரண்டு கருவிகள் சுருதி சேராமல் இருப்பதாகத் தோன்றியது. இவ்வளவு தேர்ந்த கலைஞர்கள் இதைக் கவனிக்கவில்லையே என்று வருத்தப்பட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர் ஒருவரிடம் தயக்கத்துடன் கேட்டேன். அவர் இரண்டு தகடுகளைத் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் தட்டிக் காட்டினார். கருவி செய்பவர்களே ஜோடியில் ஒன்றைச் சற்று ஏற்றியும் மற்றதைச் சற்று இறக்கியும் அமைக்கிறார்கள். இரண்டும் சேரும்போது எழும் அந்த நடுக்கத்துக்கு அவர்கள் அலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அபசுரம் என்று தீர்ப்பளித்தது அந்த இசையின் உயிர்நாடியாக இருந்தது. அன்று இரவு எம்ஆர்டியில் வீடு திரும்பும்வரை என் அவசரத் தீர்ப்பை எண்ணி எனக்கு மனம் கூசியது.

உங்களுக்கும் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கும். எந்த அரங்கில், எந்த இடத்தில் அமர்ந்து கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் மாறினால் இசையும் மாறுகிறது என்பது இந்த ஓராண்டில் நான் கண்டது.

தொப்பியும் வலந்தலையும் எழுதியது:

சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நான் மிருதங்கம் வாசிப்பவன். பெரிய இசையரங்கில் ஏறத்தாழ 1,600 பேர் அமரலாம். அங்கே நான் முதன்முதலில் பார்வையாளனாக அமர்ந்தது மேல்மாடத்தின் கடைசி வரிசையில், மிகக் குறைந்த விலைச் சீட்டில், ஒரு மேற்கத்திய இசைக்குழுவைக் கேட்பதற்காக. மேடையில் ஒலிபெருக்கி எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய குழுவில் ஒரே ஒரு வயலின் மெல்லிய குரலில் தனியாக வாசித்தபோது, வில் தந்தியில் திரும்பும் ஒலிகூட என் இடத்துக்கு வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் நிகழ்ச்சித் தாளைப் புரட்டியதும் அதே அளவு தெளிவாகக் கேட்டது.

அந்த அரங்கின் ஒலியமைப்பை வடிவமைத்தவர் ரசல் ஜான்சன். மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய விதானம் இருக்கிறது. அரங்கைச் சுற்றி வெற்று அறைகள் இருக்கின்றன. அவற்றின் கதவுகளைத் திறந்தால் ஒலி அங்கே போய்ச் சுற்றி நீண்டு அடங்கும், மூடினால் சீக்கிரம் அடங்கும். ஒலிபெருக்கி வைத்து நடத்தும் நிகழ்ச்சிகளுக்குத் துணித் திரைகளை இறக்கி எதிரொலியைக் குறைக்கிறார்கள். ஒரு சிம்பொனிக்கு அழகு சேர்க்கும் அந்த ஒலி நீட்டம், ஒலிபெருக்கி வழியாக வரும் மிருதங்கத்தில் வேகமாக வாசிக்கும் மோரா என்னும் சொற்கட்டைக் குழப்பிவிடும். ஒரு சொல், அதாவது ஓர் அடியின் ஒலி, அடங்கும் முன் அடுத்த சொல் அதன்மீது விழும். வாசித்தவனுக்குக் கணக்கு சரியாக இருக்கும், கேட்டவருக்கோ வெறும் இரைச்சலாகவே போய்ச் சேரும்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கச்சேரிகளில் ஒலிப் பொறியாளரிடம் "எனக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று கேட்பது பல ஆண்டுகளாக என் பழக்கம். நான் கேட்டால் வயலின் கலைஞரும் கேட்பார், பிறகு பாடகரும் கேட்பார், முதல் வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மேல்மாடத்தில் அமர்ந்து அந்த வயலினைக் கேட்ட இரவுக்குப் பிறகு, அப்படி ஏற்றச் சொல்வதை நிறுத்திவிட்டேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை ஒட்டி, கும்கி என்னும் தாழ்ந்த ஒலி வரும்வரை பொறுமையாகச் சரிசெய்து உட்கார்ந்தால், பாதி ஒலியளவே போதுமானதாக இருக்கிறது. குளிர்சாதன அரங்குகளில் வாசிக்கும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளியே உள்ள ஈரக்காற்றில் சுருதி சேர்த்த வாத்தியம் உள்ளே வந்ததும் தோல் காய்ந்து ஏறும். ஒரு மணி நேரம் முன்னதாகவே மேடையருகில் வைத்துவிட்டு, பிறகு சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் எடுங்கள்.

மரீன் பரேட் வாசகர் எழுதியது:

அதே அரங்கின் குழாய் ஆர்கன் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் அமைத்த அதற்கு 4,740 குழாய்கள் உண்டு. மிகத் தாழ்ந்த சுரங்களை நான் காதால் கேட்டதைவிட இருக்கையின் அடியிலும் உள்ளங்காலிலும் உணர்ந்தேன். தம்புராவை மடியில் வைத்துப் பழகியவர்களுக்கு அந்த உணர்வு புதிதாக இருக்காது. எனக்குப் புதிது.

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

நான் இசை பயின்றவள் இல்லை. என் மாமியாரின் துணையாகச் சென்றதால் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, மார்கழி விடியலில் பஜனை கேட்டு வளர்ந்தவர். இங்கே வந்த பிறகு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். ஏப்ரல் மாதப் பக்தி இசை நிகழ்ச்சிகளில் பல இலவசம் என்று அறிந்து, எஸ்பிளனேட் நிலையத்தில் மின்தூக்கி வழியாகச் சக்கர நாற்காலியில் அவரை அழைத்துச் சென்றேன். அன்றைக்கு சூஃபி பக்திப் பாடலான கவ்வாலி. மொழி எங்கள் இருவருக்கும் தெரியாது. அத்தை பாதியிலேயே வீட்டுக்குப் போகலாம் என்பார் என்று அஞ்சிக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அவர் என் கையைப் பிடித்து, "இது முன்பாட்டு, இது பின்பாட்டுடீ. நடுவில் இருக்கிறவர் ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார் பார், எங்கள் ஊர் பாகவதரும் இப்படித்தான் விடமாட்டார்" என்றார். பின்வரிசையினர் கைதட்டித் தாளம் பிடிப்பதையும், ஒரே அடி திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் சற்று உயர்வதையும் அவரே எனக்கு விளக்கினார். கடைசி அரைமணி நேரம் அவர் கையும் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு மலாய் மூதாட்டி அத்தையைப் பார்த்துப் புன்னகைத்து, தம் கையையும் அதே தாளத்தில் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. அதன் பிறகு, நடுக்கூடத்தில் நடக்கும் இலவச நிகழ்ச்சிகளுக்கு மாதம் இருமுறை செல்கிறோம். நாகசுவரம் எப்போது என்று அத்தை ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அதுவும் உள்ளரங்கில் வேண்டாம், நீரோரத்தில் காற்றாட இருக்க வேண்டும் என்கிறார். யாருக்கேனும் தகவல் தெரிந்தால் தெரிவியுங்கள்.

பிடோக் வீணை எழுதியது:

அம்மா, அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாகசுவரம் பற்றிய செய்தி கிடைத்தால் முதலில் உங்களுக்கே எழுதுவேன்.

மிருதங்க ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒரு சோதனை செய்தேன். என் வீணையின் பலகையில் ஒட்டும் மைக் இல்லாமல் நான் எங்கும் வாசித்ததில்லை. நேற்று சமூக மன்ற வகுப்பறையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் தோடி ராகத்தை வாசித்தேன். நான்காவது வரிசையில் இருந்த மாணவி, காந்தாரத்தின் அசைவு கேட்கவில்லை என்றாள். ஒலியைக் கூட்டாமல், எழுந்துபோய் இரண்டு மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு வந்து மீண்டும் வாசித்தேன். கேட்கிறது என்றாள்.